சங்கிலிபூதத்தானின் மருத்துவ அட்டை

இது நடந்தது. நம்பாதவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்து டார்லினைப் பார்க்கலாம். அன்றைய அழைப்புகள் எத்தனை மணிக்கு வந்தன என்பதெல்லாம் அவள் போனில் அழியாமல் இருக்கிறது.

அவள் புருஷன் ஹெப்ரான் வளைகுடாவில் மேனேஜர். அந்தப் பதவியைக் கொடுத்தது அவன் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இஸ்ரவேல். கம்பெனி கொடுத்திருந்தது குடோனில் மூட்டை அடுக்கும் வேலை. தொழிலாளர் தங்கும் புது கேம்ப்புக்கு மாற்றிய நான்காம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவனுடைய மருத்துவ அட்டையைக் கம்பெனி புதுப்பித்திருக்கவில்லை. இரண்டு ஆஸ்பத்திரிகள் வாசலோடு திருப்பி அனுப்பின.

டார்லின் அவனை அனுப்பிவைத்த ஏஜெண்டுக்கு முப்பத்தொரு தடவை போன் போட்டாள். முதல் தடவை மட்டும் எடுத்தான். "ஏற்பாடு பண்ணுதேன்" என்றான். அப்புறம் சுவிட்ச் ஆப்.

"மாமா, சபையில யார்கிட்டயாவது உதவி கேப்போம்... அவங்க செத்துருவாங்க, மாமா."

"மேனேஜர் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கான்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்லுதியா?"

ஞாயிறு ஆராதனைக்கு அவள் எழுதிய ஜெபக் குறிப்பில் 'உயிருக்குப் போராடும்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'சற்றே அயர்வுற்றிருக்கும்' என்று மாற்றினார் இஸ்ரவேல். ஒற்றுப்பிழை ஒன்றையும் திருத்தினார்.

சபை சற்றே ஜெபித்தது.

பகல் 12.10. வீடியோவில் ஹெப்ரான் வந்தான். உதடு வெடித்திருந்தது. கையில் டிரிப்ஸ்.

"சேத்துட்டாங்க, டார்லின். கேம்ப்புல எனக்குக் கீழ்க் கட்டில்காரர் அவரு அட்டையத் தந்தாரு. நம்ம ஸ்ரீவைகுண்டத்துக்காரர், சங்கிலிபூதத்தான்னு பேரு. நர்ஸ் அந்தப் பேரைக் கூப்பிட்டா நான் 'ஆமா'ங்கணும், அவ்வளவுதான். அவரு வீட்டு நம்பர் அனுப்புதேன். நன்றி சொல்லிரு."

இஸ்ரவேல் எட்டிப் பார்த்தார். "பூதத்தான் பேர்லயா எம்மவன் கெடக்கான்? ஏ பிள்ள, அந்த வீட்டுக்குப் போன் போட்டுறாதே. பேச்சு வெளிய போயிரும்."

பகல் 1.25. மறுபடி வீடியோ. ஹெப்ரானுக்குப் பின்னால் இன்னொரு கட்டில் தெரிந்தது. யாரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பக்கத்துல யாருங்க?"

"யாருமில்ல. தனி ரூமு."

டார்லின் உற்றுப் பார்த்தாள். அந்த ஆளின் முதுகு ஏறி இறங்கவில்லை...

பகல் 2.40. அந்த ஆள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அறையெல்லாம் வெளிச்சம். அந்த முகத்தில் மட்டும் இல்லை.

ஹெப்ரானுக்கு மூச்சு இழுத்தது.

"நர்ஸ் கூப்பிடுதா... நான் வாயத் திறக்கு முன்ன வேற யாரோ 'ஆமா'ங்கான்..."

"அந்தப் பேரே வேண்டாம்! உங்க பேரச் சொல்லிருங்க!"

"சொன்னா வெளிய தள்ளிருவாங்க, டார்லின்... நான் எங்க போவேன்?"

டார்லின் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

3.05.

டக்... டக்... நர்ஸின் செருப்புச் சத்தம்.

"சங்கிலிபூதத்தான்?"

"ஆமா."

உதடு ஹெப்ரானுடையது.

குரல்... அவனுடையது இல்லை.

பின்னால் இருந்த கட்டில் காலி.

பதினேழாம் நாள் ஹெப்ரான் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தான். ஸ்தோத்திர ஆராதனையில் 'மேனேஜர் ஹெப்ரான்' என்று மைக்கில் மூன்று முறை அழைத்தார்கள். முன்வரிசையில் இருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சற்றே அயர்வு" என்றார் இஸ்ரவேல்.

அன்று மாலை 4.15. மாமனார் வெளியே போன நேரம் பார்த்து டார்லின் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன் போட்டாள். சங்கிலிபூதத்தானின் மனைவி இசக்கித்தாய் எடுத்தாள். டார்லின் ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்து நாற்காலியில் ஹெப்ரான் கண் மூடிக் கிடந்தான்.

"உங்க வீட்டுக்காரர் அட்டை தந்ததாலதான் எங்க வீட்டுல உள்ளவங்க பிழைச்சாங்க."



"யாருக்கா பேசுதீய? அவரு செத்து மூணு மாசமாச்சே. அந்த கேம்ப்புலதான், காய்ச்சல்ல. அட்டை இருந்தும் கொண்டுபோக ஆளில்லாம..." குரல் உடைந்து உயர்ந்தது. "பெட்டியோட அந்த அட்டையும் வந்துது. இந்தா, என் கையிலதான் இருக்கு!"

ஹெப்ரான் கண்ணைத் திறக்கவில்லை.

உதடு மட்டும் அசைந்தது.

"பைய பேசு, தாயி... சின்னவன் முழிச்சிருவான்."

டார்லினுக்குப் பிள்ளை கிடையாது.

போனின் அந்தப் பக்கம்... ஒரு குழந்தை அழத் தொடங்கியது.