பென் டிரைவைக் காணாத காலர் மிஷின்

திருப்பூர் மண்ணரையில் ஒரு காலர் மிஷின் பென் டிரைவைப் பார்க்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக என்னைக் கூப்பிட்டார்கள். பனியன் கம்பெனிகளுக்கு டி-சர்ட் காலர் பின்னிக் கொடுக்கும் சின்னக் கூடம். முதலாளி மாரடைப்பில் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் மனைவிதான் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிஷின் போர்டுகளைப் பழுதுபார்ப்பவன். பேய், பிசாசு எதுவும் என் கணக்கில் வராது. ஒயர் விட்டிருக்கும், இல்லாவிட்டால் பல்லி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த மிஷினுக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்கிற சின்ன நிரல். அது பென் டிரைவைத் தேடிப் பிடித்து, அதிலிருக்கும் மென்பொருளை எடுத்துக் கொடுத்தால்தான் ஊசிகள் ஓடும். இத்தனை காலமும் முதலாளியின் பழைய பென் டிரைவில் ஓடிக்கொண்டிருந்தது. அது கீழே விழுந்து முறிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த நகலைப் புதிதாக வாங்கிய எதில் போட்டுச் செருகினாலும் திரையில் ‘சாதனம் இல்லை’ என்றே வந்தது.

“மொதலாளி இதுக்குள்ளதான் இருக்காவ. வேற ஆளு கைய விடமாட்டாவ” என்றார் மிஷினை ஓட்டும் திருநெல்வேலிக்காரர். நான் சிரித்துவிட்டேன். முதலாளியின் மனைவி, அந்த அக்கா, சிரிக்கவில்லை.

“ஏனுங்க தம்பி, செத்தவீங்களுக்குக் கோவம் இருந்தா இப்படியெல்லாம் பண்ணுவாங்களா?” என்று கேட்டார்.

எதற்குக் கோபம் என்றேன். அவர் நூல் கோன்களை இடம் மாற்றி அடுக்கினார். இன்றைக்குச் சரியாகாவிட்டால் மிஷினை விற்றுவிடுவதாகச் சொன்னார். “எம்மேல கோவம்னா, அவரு மிஷின்ல என் கை பட வேண்டாமுங்க.”

சிரித்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. பென் டிரைவ் செருகும் துவாரத்தைச் சுத்தம் செய்து, மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று அளந்து பார்த்தேன். பென் டிரைவைத் திரும்ப ஃபார்மேட் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போர்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர் இழுத்து, பூட்லோடர் என்ன சொல்கிறது என்று படித்தேன். சாதனம் பூஜ்ஜியம் என்றது. அணைத்துப் போட்டு, அது தானாகத் தேடும் முன் நிறுத்தி, தேடச் சொல்லும் கட்டளையை நானே தட்டினேன். அப்போதும் பூஜ்ஜியம். ஆத்திரத்தில் அதையே மறுபடி தட்டினேன்.

சாதனம் ஒன்று.

உச்சி வேளை. அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் சாப்பாட்டுக்கு நின்று, தெருவே ஓய்ந்திருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பட்டப்பகலில் பயந்துதான் போனேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை போட்டாலும் முதல் அழைப்புக்கு ஆளில்லை, அடுத்ததற்கு ஆளுண்டு.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. பூட்லோடர் துவாரத்துக்கு மின்சாரம் கொடுத்து, கண்ணிமைக்கும் நேரம் காத்திருந்து, ஒரு தரம் தேடிவிட்டுக் கைகழுவிவிடுகிறது. பழைய பென் டிரைவ் சட்டென்று விழித்துக்கொள்ளும். புதியவை சோம்பேறிகள். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிச் சேமித்தேன். மிஷினை அணைத்துப் போட்டதும் ஊசிகள் ஓடின. திருநெல்வேலிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அக்கா” என்றேன் பெருமையோடு. “இது ஒரு தரம் கூப்பிட்டுட்டு, வரலைன்னதும் விட்டுருதுங்க. அது எந்திரிச்சு வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். அவ்வளவுதானுங்க.”

நிம்மதியாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கூட்டுல ஒரு பழக்கமுங்க. உச்சி நேரத்துல பேரச் சொல்லிக் கூப்பிட்டா, ஒரு தரத்துக்கு ஏன்னு கேக்கக்கூடாது, முனியா இருக்கும்பாங்க. மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசன்.”

எனக்கும் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்.

“அவரு போன அன்னிக்கும் இதே நேரந்தானுங்க. நான் பின்னால ஊட்டுல இருந்தேன். இந்த மிஷின்கிட்ட இருந்து எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. ஒரே தரம்” என்றார். “அடுத்த தரம் கூப்பிடட்டும்னு உக்காந்துட்டே இருந்தனுங்க.”