எங்கள் ஊரில் தலை எண்ணிய கதை

போனில் வரைபடத்தைத் திறந்து எங்கள் ஊரைத் தேடினால் வெறும் பச்சைதான் தெரியும். அந்தப் பச்சைக்குள் எங்கோ நாங்கள் இருந்தோம். மலைமேல் பல ஊர் சேர்ந்த வளப்பூர் நாட்டுப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, முழங்கால் கழன்றுவிடும் போலிருக்கிற சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மூச்சு வாங்க மறுபடி ஏறினால் முதல் வீடு. அப்பாடா, ஊர் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட முடியாது. இரண்டாவது வீடு அங்கிருந்து பார்த்தால் தெரியாது, கூப்பிட்டால் மட்டும் கேட்கும். ஒருவருக்குக் காற்று வேண்டும் என்று உச்சியில் வீடு. சித்தப்பாவுக்குத் தண்ணீர் பக்கத்தில் வேண்டும் என்று பள்ளத்தில் வீடு. இதற்கு ஊர் என்று பெயர் வைத்த புண்ணியவானை ஒருநாள் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

சரி, இடம்தான் இப்படி, ஆட்கள் எத்தனை பேர் என்றாவது தெரியுமா என்றால் அதுவும் கிடையாது. எங்கள் ஊரில் ஆளை எண்ணக் கூடாது. பலாப்பழத்தை எண்ணலாம், மிளகு மூட்டையை எண்ணலாம். மனுசத் தலையை எண்ணி வாய்விட்டுச் சொன்னால் அதில் ஒன்று குறைந்துபோகுமாம். அதனால் யாராவது கேட்டால் முந்திக்கொண்டு தாங்களே ஒன்றைக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பிள்ளை மேல் உயிரை வைத்திருக்கிறார்களோ, பார்த்து அந்தப் பிள்ளையையே விட்டுவிடுவார்கள். கண் படாமல் பிழைத்துக் கிடக்கட்டும் என்று.

இதெல்லாம் போகட்டும், எனக்கென்ன வந்தது என்றுதான் நானும் இருந்தேன். ஐந்தாவது முடிக்கிற வருடம் வந்தது, பிடித்தது சனியன். எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்கு மலைமேலேயே இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறித்தான் போய் வர வேண்டும். ஊருக்குப் பஸ் வராததால் என்னை மலைக்குக் கீழே ஹாஸ்டலில் போடுவதாக வீட்டில் பேச்சு. எனக்கு இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கினாலே குடல் வெளியே வந்துவிடும். அதைவிட, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளாமல் அதுவரை நான் ஒரு ராத்திரியும் தூங்கியதில்லை. கீழே போனால் செத்தே போய்விடுவேன் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் பஞ்சாயத்து மெம்பர் வந்து, ஊரில் போதுமான தலை இருந்தால் ரோடு போடுவார்கள், ரோடு போட்டால் மினி பஸ் வரும், ஆளை எண்ண ஒரு டீச்சர் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சித்தப்பா வீடு வீடாக ஏறி இறங்கி எச்சரித்தார். "கண்ணு மண்ணுன்னு சொல்லி ஒருத்தரும் கொறச்சுப்போடாதீங்க. இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க. ஊருக்கு ரோடு வேணுமா வேண்டாமா?" எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தலையாட்டினால் ஒன்று செய்யப்போவதில்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது.

மிளகு பறிக்கிற காலத்தில் டீச்சர் வந்தார். கீழ்நாட்டுக்காரர், பாவம், ஓடையிலேயே ஒரு செருப்பு அறுந்துவிட்டது. வழி காட்டுவதற்கு நானே ஓடிப்போய் நின்றுகொண்டேன். முதல் வீட்டுப் பெரியவரிடம் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "என்னமோ இருக்கறமுங்க, நாலஞ்சு பேரு" என்றார். அவர் தலைக்கு மேலேயே, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து அவருடைய இரண்டு மகன்கள் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க யாருங்க?" என்றார் டீச்சர்.

"அவனுங்களா? வந்து போற ஆளுங்க."

மரத்திலிருந்த மகன்களும் இலைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வீட்டு அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று இடுப்பில், இன்னொன்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக நிற்கிறது. "ஒண்ணுன்னே போடுங்க டீச்சர், ரெண்டும் ஒண்ணாத்தானே பொறந்துச்சு" என்கிறாள். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ரெண்டு டீச்சர்! நல்லாப் பாருங்க, ரெண்டு!" என்று விரலை நீட்டிக் கத்தினேன். அவ்வளவுதான், அக்கா தூ தூ என்று மூன்று பக்கமும் துப்பி, மண்ணை அள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிப்போட்டு, "உன்ற நாக்குல புத்து வெக்க" என்று என்னைத் துரத்தியே விட்டாள்.

பள்ளத்தில் சித்தப்பா வீடு. ஊருக்கே உபதேசம் செய்த மனிதர், மணிமணியாக எல்லோர் பெயரையும் சொன்னார். தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையை மட்டும் விட்டுவிட்டார். "ஏன் சித்தப்பா, தம்பி?" என்றேன். "அதுக்கு இன்னும் பேரே வெக்கலியே கண்ணு" என்று தொட்டில் சேலையை இழுத்து மூடினார். ஊருக்குத்தான் உபதேசம், எனக்கில்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

இனி எங்கள் வீடு ஒன்றுதான் பாக்கி. அப்பா, அம்மா, அண்ணன், நான், ஆக நாலு பேர். அங்கே எனக்குப் பயமே இல்லை. அம்மா அரியூர் நாட்டுக்காரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கண் படுவது, காத்துக் கருப்பு எல்லாம் வேலையத்தவர்கள் பேச்சு என்று வாய்விட்டுச் சொல்கிறவள். குச்சிக்கிழங்கை உரித்துக்கொண்டே, டீச்சர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"மூணு பேருங்க. இவரு, நானு, பையன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் பாப்பா?"

"அது இங்க இருக்காதுங்க. பள்ளிக்கூடம் தொறந்தா கீழ போயிரும். எழுதாதீங்க."

"இன்னிக்கு இங்கதானுங்களே இருக்குது? எழுதிக்கலாங்க."

"வேண்டாங்க" என்றாள் அம்மா. கிழங்கு உரித்த கை நிற்கவே இல்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அழுதேன், புரண்டேன், டீச்சரின் பையைப் பிடித்துத் தொங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. தலை போதவில்லை என்று ரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. ஊரே கூடி உட்கார்ந்து, "நம்ம ஊருக்கு மட்டும் ஏந்தான் இப்பிடியோ" என்று ஆச்சரியப்பட்டது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவோடு பல நாள் நான் பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாதான் என்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். வழி நெடுக வாந்தி. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி தாண்டுகிறவரை அவள் மடியில் கிடந்தேன், ஆனாலும் பேசவில்லை. ஹாஸ்டலில் புதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். வார்டன் அம்மா விரலை நீட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். விரல் என் பக்கம் வருவதற்குள் அம்மா என்னை வெடுக்கென்று இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, முந்தானையைப் போட்டு மூடிவிட்டாள்.

"ஏனுங்க, ஒரு புள்ள கொறையுதே?" என்று வார்டன் எரிந்து விழுந்தார். பின்னால் நீண்ட அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக் கணக்கிலும் சேர்க்கவில்லை, கொண்டுவந்து தள்ளிய இடத்துக் கணக்கிலும் சேர்க்க விடமாட்டாளா? அவள் கையை உதறித் தள்ளிவிட்டு, "நான் ஒருத்தி இருக்கேனுங்க!" என்று கத்திக்கொண்டு வரிசைக்கு ஓடினேன். வார்டன் என் தலையைத் தொட்டு எண்ணினார்.

அம்மா தூ தூ என்று மூன்று பக்கமும் துப்பினாள். இவளுக்கு என்ன வந்தது, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிறாளே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.