ஒரு சொல்லைத் திருத்தியவள்

எகிப்தின் போர்ட் சயீதில் பல் வைத்தியர் இருக்கும் அந்த மாடியைக் கடக்கும்போதெல்லாம் இன்ஸாஃபின் நடை தளர்ந்துவிடும். ஒரு காலத்தில் அங்கே கப்பல் ஏஜென்சி இருந்தது. பதினோரு வருடம் அங்கே தட்டச்சு செய்தவள் அவள். தந்தி வாசகங்களை எழுதித் தந்தவர் வக்தி. மரியாதைக்கு அவரை 'உஸ்தாத்' என்று அழைப்பாள். கெட்டிக்காரர், ஆங்கிலத்தில் மட்டும் ஓர் இடத்தில் தடுக்கி விழுவார்.

"உஸ்தாத், இன்னிக்கும் 'கப்பலை வெயிட்'டா? வெயிட்னா பின்னாடி 'ஃபார்' வேணும். எக்ஸ்பெக்ட்னு போடுங்க, அதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? கப்பல் வரணும், நாம உட்கார்ந்திருக்கோம்."

"அதெப்படி ஒண்ணாகும்? வரும்னு நிச்சயமாத் தெரிஞ்சா எக்ஸ்பெக்ட். வெயிட்டுக்கு அந்த நிச்சயம் தேவையில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்."

"அப்ப எங்கம்மா மருமகளுக்காக உட்கார்ந்திருக்கிறது வெயிட்டுதான்."

அலுவலகமே சிரித்தது. இன்ஸாஃப் குனிந்துகொண்டாள், அன்று அந்தத் தந்தியை மூன்று முறை அடித்தாள்.

அறுபத்தேழில் போர் வந்து சூயஸ் கால்வாய் மூடியது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. அவள் தாயோடு மன்சூராவுக்குப் போனாள், வக்தி அலெக்ஸாந்திரியா துறைமுகத்துக்கு. அங்கிருந்து மாதம் ஒரு தபால் அட்டை வரும், ஆங்கிலத்தில். அவள் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவாள்.

ஒரு குளிர்காலத்தில் வந்த அட்டையில் ஒரே வரி: 'ஐ ஆம் வெயிட்டிங் யூ.'

சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'ஃபார்' சேர்த்தால் இலக்கணம் சரியாகிவிடும். அவள் அதைச் சேர்க்கவில்லை. 'வெயிட்டிங்'கை அடித்துவிட்டு, மேலே 'எக்ஸ்பெக்டிங்' என்று எழுதினாள். அன்றே தபாலில் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் வக்தி நின்றார், கையில் புகையிட்ட மீன் பொட்டலத்தோடு.

"திருத்தினது கை தவறிப்போய் இல்லையே?"

"நான் திருத்தி என்னிக்கு உஸ்தாத் தப்பா இருந்திருக்கு?"

உள்ளேயிருந்து தாய் குரல் கொடுத்தாள். "மீனோட வந்திருக்கானே, பொண்ணு கேக்க வந்தானா, விக்க வந்தானா?"

அந்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. கால்வாய் திறந்த வருடம் இருவரும் ஊர் திரும்பினார்கள். ஏஜென்சி இல்லை, இன்ஸாஃபின் பழைய வீட்டில் ஒரு சுவர் இடிந்து கிடந்தது. அறைகளில் கணுக்கால் அளவு மணல். வக்தி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மண்வெட்டி எடுத்தார். இன்ஸாஃப் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். உப்புக் காற்று வீடெல்லாம் நிறைந்தது.