மாத்திரை போட்ட நாட்களின் பாசம்

என் தம்பியின் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். அதைச் சொல்ல வெட்கப்படும் வயதைத் தாண்டிவிட்டேன், அதனால் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அவன் என்றால் உயிர். நான் என்றால் ரேஷன் கடைக்குப் போய்வர ஓர் ஆள்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவன் வலி மாத்திரைகளைப் போதைக்காகப் போட ஆரம்பித்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. சில நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வருவான். அம்மாவைப் பிடித்து உட்கார வைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்துச் சீவிவிடுவான். தறியில் நடந்த கதையெல்லாம் சொல்லுவான். வேறு சில நாள் யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அது வேலை அலுப்பு, சீவிவிடுகிறவன்தான் தன் பிள்ளை என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவன் புராணம்தான். சமைத்துத் துவைத்துக் கிடந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒரு நாள் தறிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தான். விஷயம் வெளியே வந்தது. மதுரையில் ஒரு சிகிச்சை மையத்தில் சில மாதங்கள் இருந்து திரும்பினான். வந்தவன் சாதுவான, அதிகம் பேசாத ஆள். சீப்பைத் தொடுவதே இல்லை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"மதுரையில எம்புள்ளையக் கெடுத்து அனுப்பிட்டாக" என்றாள். குணமாகி வந்த பிள்ளையைப் பார்த்து அழுத ஒரே தாய் அவளாகத்தான் இருக்கும்.

திருச்சுழி பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னச் சபைக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுவது நான்தான். எங்கள் மேடையில் கெட்டுப்போனவன் என்றால் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தள்ளாட வேண்டும், அம்மாவை மிதிக்க வேண்டும். சபையே சிரிக்கும். கடைசியில் மனம் திரும்புவான். போன வருடம் மாத்திரைக்கு அடிமையான ஒருவனை எழுதினேன். பழக்க தோஷத்தில் அவனையும் தள்ளாட விட்டேன். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த தம்பி மெதுவாக வாயைத் திறந்தான்.

"அக்கா, மாத்திர போட்டவன் இப்பிடி ஆட மாட்டான்."

"ஏலே, அப்ப நீயே நடிச்சுக் காட்டு" என்றேன் எரிச்சலோடு.

காட்டினான். அம்மா வேஷம் போட்ட பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து, சீப்பை வாங்கி, அவ்வளவு பதமாகச் சீவினான். அந்தக் குழைவும் சிரிப்பும் பழைய தம்பியேதான். சீவிக்கொண்டே எங்களிடம் சொன்னான்.

"போட்டா எல்லார் மேலயும் பாசமா வரும். பஸ்ஸு கண்டக்டரக்கூடக் கட்டிப்பிடிக்கத் தோணும். போடலைன்னா பெத்த தாயி கொரலே ஆகாது. அவன் நல்லவனுமில்ல, கெட்டவனுமில்லக்கா. மாத்திர எப்பிடியோ, அவனும் அப்பிடி."

எல்லோருக்கும் டீ கொண்டுவந்த அம்மா கதவருகே நின்று இதை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இத்தனை வருடம் நான் தோற்றது தம்பியிடம் இல்லை, ஒரு மாத்திரையிடம். அதை அம்மா தன் காதாலேயே கேட்டாயிற்று. இனியாவது என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பொறுக்க மாட்டாமல் நானே ஆரம்பித்தேன்.

"கேட்டியாம்மா? அம்புட்டுப் பாசமும் மாத்திரையாம்."

அம்மா கோபப்படவில்லை. தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"கேட்டேன். மாத்திரையப் போட்டாவது ஒருத்தன் எந்தலையத் தொட்டான். நீ எப்பவும் தெளிவாத்தான இருந்த?"