கறிச்சட்டியும் கப்பல் சேமியாவும்

எனக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. மல்லித்தழை வாங்கி வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனவள், வழியில் ஒரு கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

கடிதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. வாரக் கடைசிக்குள் சம்மதம் எழுதாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டுக்காரரைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்றார். அவருடைய அம்மாவோ, சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை தபசு காலம், அதில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஈஸ்டர் கழியட்டும், பார்ப்போம் என்றார். ஈஸ்டர் கழிந்தபின் பார்க்க என்ன இருக்கும்? வேறொருத்தி அந்தக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்கலாம். எனக்குக் கோபம் வந்தது. சம்மதம் என்று எழுதினேன், போட்டும்விட்டேன். வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் நாசரேத்துக்காரி. எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் தபசு காலத்தை லெந்து என்போம். அவரவர் மனசுப்படி ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோம். நான் வருடா வருடம் சர்க்கரையை விடுவேன், இரண்டு நாளைக்கு. மாமியார் வீடு கத்தோலிக்க வீடு. இங்கே நாற்பது நாளும் மீன் உண்டு, கறி கிடையாது. செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பதற்குள் கறியெல்லாம் தீர்ந்து, சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட வேண்டும். கறியைக் கொட்டினால் பாவம். மணிக்குப் பிறகு தின்றால் அதைவிடப் பாவம். இது திருச்சபைச் சட்டம் அல்ல, மாமியார் சட்டம். அதனால் இதற்கு விலக்கே கிடையாது.

அன்று மத்தியானம் புதுக்கோட்டையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. ஐந்தரை மணிக்கு அரைச்சட்டி ஆட்டுக்கறி அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்று கிண்ணத்தோடு வாசலுக்குப் போனால், பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணத்தோடு எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் திரும்பினோம். தெருநாய்கூட வயிறு முட்டிப் படுத்திருந்தது.

மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. புதிதாக உலை வைக்க நேரமில்லை. அப்போதுதான் உப்புப் பானைக்குப் பின்னால் கிடந்த இரண்டு பொட்டலம் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர் அவருக்குக் கொடுத்த நூடுல்ஸ் அது. மேலே இருந்த எழுத்தை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை. மாமியார் அதற்குக் கப்பல் சேமியா என்று பெயர் வைத்திருந்தார்.

எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துப் போட்டு, குழம்பில் தண்ணீர் விட்டு, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். நூடுல்ஸைக் கையில் எடுத்ததும் மாமியார் ஒடித்துப் போடச் சொன்னார். ஒடிக்கக் கூடாதென்று கப்பல்காரர் சொல்லியிருக்கிறார் என்றேன். படித்தவள் என்ற மிதப்பு வேறு. முழுசாகவே போட்டு, மல்லித்தழை தூவி இறக்கினேன். மணம் பிரமாதம்.

சாப்பிடுவதுதான் பெரும்பாடு. கையால் பிசைந்தால் நழுவியது, உருட்டினால் அவிழ்ந்தது. வீட்டுக்காரர் தட்டுக்கு மேல் குனிந்து மாடு தண்ணீர் குடிப்பதுபோல உறிஞ்சினார். சட்டி காலியாகி, கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. மாமியார் தட்டில் மட்டும் கடைசியாக ஒரே ஓர் இழை. ஒரு நுனியை வாயில் வைத்தார். மணி அடித்தது.

அவர் அசையவில்லை. ஒரு முழ நீளத்துக்கு நூடுல்ஸ் வாயிலிருந்து தட்டுவரை தொங்கியது. கடித்தால் பாக்கியைக் கொட்ட வேண்டும். உறிஞ்சினால் சட்டம் போச்சு. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. ஒடித்துப் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. மணி ஓயும்வரை யோசித்தவர், நிதானமாக உறிஞ்ச ஆரம்பித்தார். கடைசி நுனி துள்ளி அவருடைய வெள்ளை ரவிக்கையில் குழம்பைத் தெளித்துவிட்டு உள்ளே போனது.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்: "மணி அடிக்கதுக்கு முன்னால தல உள்ள போயிட்டு. பொறவு வாலும் உள்ளதான் போவணும். அதுல பாவம் ஒண்ணும் கெடயாது."

இதைவிட்டால் எனக்கு வேறு நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

"மாமி, பள்ளிக்கூடத்துக்குச் சம்மதம்னு எழுதி மத்தியானமே தபால்ல போட்டுட்டேன். மணி அடிக்கதுக்கு முன்னால."

வீட்டுக்காரர் அவசரமாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். மாமியார் என்னைப் பார்த்தார். கவிழ்த்து வைத்த சட்டியைப் பார்த்தார். ரவிக்கையில் இருந்த குழம்புக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். மல்லித்தழை வாங்க அவ்வளவு நேரம் ஆனது இதற்குத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிளா. தல உள்ள போயிட்டு. இனி வால வெளிய தொங்கப் போட்டுட்டு நிக்காத."