ரெக்டர் பார்த்திருக்க ஓடிய எண்ணூறு மீற்றர்

ஒரு பெரிய மனிதர் கதிரை போட்டு இருந்து பார்த்தால் பிள்ளைகள் வேகமாக ஓடுவார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, மூன்று மாதம் நம்பினேன். நாலு பேருக்குச் சொல்லியும் திரிந்தேன். விளையாட்டுப் போதனாசிரியர் என்று சம்பளம் வாங்குகிறவன், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. தலையில் மிஞ்சியிருக்கும் மயிரின் அளவுக்காவது உள்ளே மூளை இருக்கும் என்று என் மனைவி நினைத்திருந்தாள். பாவம்.

மாரி மழை விட்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகளை நாங்கள் புதிதாகப் போட்ட கிழமைதான் எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். ரெக்டர் என்றுதான் எல்லாரும் சொல்வது. இரசாயனவியல் பேராசிரியர். அவருக்கு முன்னிருந்தவர்கள் மைதானத்தை வாகனக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தவர்கள். இவரோ பின்னேரம் நாலரைக்குக் கந்தோரை விட்டிறங்கி, ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு அதில் இருந்துவிட்டார். என் வேலைக்குத்தான் உலை என்று நினைத்து, விசில் ஊதவேண்டிய இடத்தில் இருமினேன்.

"சேர், ஏதும் பிழையோ?" என்று போய்க் கேட்டேன்.

"பிழை ஒண்டும் இல்லை. படிக்கேக்கை நானும் ஓடினனான். ஒருத்தரும் வந்து பார்க்கேல்லை. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

எண்ணூறு மீற்றர் ஓடுகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். கிளிவெட்டி ஊர்க்காரி, இரண்டாம் வருடம். தாய் தனியாக வயல் செய்து படிப்பிக்கிறவர். "இந்த முறை பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில ஒரு பதக்கம் எடு, நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி ஓட்டத்தை விட்டுப்போட்டுப் புத்தகத்தைத் தூக்கு" என்று தாய் சொல்லியிருந்தார். அவள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஒருநாளும் பயிற்சிக்குப் பிந்தி வரவில்லை.

ரெக்டர் வந்திருந்த முதற்கிழமையே அவளுடைய நேரம் ஏழு செக்கன் குறைந்தது. ஸ்டொப்வோட்சைத் தட்டிப் பார்த்தேன், பற்றரி மாற்றிப் பார்த்தேன். அதே ஏழு செக்கன். மற்றப் பிள்ளைகளும் பறந்தார்கள். "சேர், நீங்கள் வந்து இருந்தாலே காணும்" என்று நான் ரெக்டரிடம் பல்லிளித்தேன். மனிதர் கூச்சப்பட்டார், ஆனாலும் நம்பிவிட்டார். பேராசிரியர்மார் கூடிய கூட்டத்தில், ஓடுகிறதுக்கு எதற்குக் காசு, ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள் என்று சிலர் ஒற்றைக்காலில் நின்றபோது, என் கையெழுத்தில் இருந்த அவளது நேரங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, போட்டிக்குப் போக பஸ்ஸும் சாப்பாட்டுச் செலவும் எடுத்துக்கொடுத்தார்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நீளப் பாய்ச்சலைத் தொடங்கினோம். ஒரு பெடியன், காலில் பாட்டா செருப்போடு, சும்மா ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தால் எட்டு மீற்றரும் சொச்சமும். நான் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன். உலகப் போட்டிக்கு யாரோடு கதைக்கவேண்டும், பெடியனுக்குப் பாஸ்போட் இருக்கிறதா என்றெல்லாம் மனம் ஓடியது. பிறகு அவன் காலில் இருந்த செருப்பைப் பார்த்தேன். நாடாவின் நுனியைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன்.

மாரிக்குள் எங்கள் இரும்பு நாடாவின் நுனி உப்புக் காற்றில் துருப்பிடித்து உக்கிப் போயிருந்தது. புது நாடா எடுப்பதென்றால் மூன்று கையெழுத்து வேண்டும். மைதான வேலையைப் பார்க்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியாக்காரரிடம், "பழுதான துண்டை வெட்டிப்போட்டு வளையத்தைப் பூட்டுங்கோ" என்று சொன்னவன் நான்தான். அவர் முதல் இரண்டு மீற்றரை வெட்டி எறிந்தார்.

"சேர், அளக்கிற நேரம் ரெண்டைக் கழிக்கணும், மறந்துராதீங்க."

"ஓம் நானா, ஓம்."

அந்த இரண்டைக் கழிக்காமல்தான் ஓடுபாதை முழுவதையும் அளந்து கோடு போட்டிருந்தேன். நாடா வைத்த ஒவ்வொரு தடவையும் இரண்டிரண்டாகப் போய், வளைவுகளும் சுருங்கி, சுற்றுக்கு ஏறக்குறைய இருபது மீற்றர் களவு. எண்ணூறுக்கு இரண்டு சுற்று, நாற்பது மீற்றர்; அதுதான் அந்த ஏழு செக்கன். பிள்ளைகள் பறக்கவில்லை. நான் பாதையைச் சுருக்கியிருந்தேன்.

சொல்லிவிடுவது என்றுதான் ரெக்டரின் அறைக்குப் போனேன். மேசையில் பஸ்ஸுக்கான அனுமதிக் கடிதம் விரித்திருந்தது. அதை எனக்குக் காட்டி, "ஒரு மாதிரி எடுத்துப்போட்டன்" என்று சிரித்தார். என் வாய் திறந்தது. வந்த கதை வேறு.

"சேர், ஒரு அளவு நாடா வேணும்."

"இதுக்கோ இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று கையெழுத்தும் ஒரே நாளில் கிடைத்தன. நானாவும் நானும் பழைய கோட்டை மண்போட்டு மறைத்துப் புதிதாக அளந்து கோடு போட்டோம். நானா சுண்ணாம்பு வாளியை என் பக்கம் கொஞ்சம் பலமாக வைத்தார்.

அன்று பின்னேரம் அவளுடைய ஏழு செக்கனும் திரும்பி வந்தது. ஓடி முடித்துக் குனிந்து நின்று மூச்சு வாங்கியவள், "எனக்கு என்ன சேர் நடந்தது?" என்று கேட்டாள்.

"காத்து. கடல் காத்து எதிர்த்து அடிக்குது."

"வட்டமாத்தானே ஓடுறன் சேர். எல்லாப் பக்கத்தாலயுமோ எதிர்க்கும்?"

நான் சிரித்தேன். பகிடி விடுகிறவன் என்று பெயர் எடுத்த ஆளுக்கு இதுதான் வசதி, எதற்குச் சிரித்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். "களைச்சுப்போனீங்கள் பிள்ளை. ரெண்டு நாள் ஆறுங்கோ" என்றேன். அவள் ஆறவில்லை. காலையிலும் வந்து ஓடினாள். தன் காலில்தான் ஏதோ குறை வந்துவிட்டது என்று அவள் பயந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வசனம் போதும், சொல்லியிருக்கலாம். முதலில் வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு ரெக்டரின் மானம் போய்விடும் என்று பயந்தேன். இரண்டாவது பயம் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன்.

போட்டிக்கு ரெக்டர் தன் வாகனத்தை விட்டுவிட்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். இறுதி ஓட்டத்தில், தொலைந்த ஏழு செக்கனைப் பிடிக்கவேண்டும் என்று அவள் முதற்சுற்றை எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். அவளுடைய உண்மையான வேகத்தில் பொறுத்து ஓடியிருந்தால் மூன்றாவதாக வந்திருப்பாள். மூன்றாவதாக வந்தவளின் நேரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இரண்டாம் சுற்றின் பாதியில் கால் சோர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள்.

பார்வையாளர் படியில் வைத்து ரெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"இல்லை சேர்."

"என்னட்டை ஏன் முதல்ல வந்தனீங்கள்? போய் அவவிட்டைச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் சொன்னேன். நாடா, துரு, இரண்டு மீற்றர், செருப்போடு பாய்ந்த பெடியன், எல்லாம். பெடியனின் கதை வரும் இடத்தில் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஒருநாளும் அந்த வேகத்தில ஓடேல்லை?"

"இல்லை பிள்ளை."

"ஓட முதல் சொல்லியிருக்கலாமே சேர்."

எட்டுப் பேரில் அவள் ஏழாவது. ரெக்டர் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார், இன்னொரு வருடம் விடும்படி. தாயார் சம்மதித்தார். அவள்தான் மாட்டேன் என்றாள். படிப்பை முடித்துக்கொண்டு போகும்வரை அவள் மைதானத்துக்கு வரவில்லை.