தன் தவறை முதலில் சொன்னவர்

நோயில் படுத்திருந்த மாதையனைக் கேள்வி கேட்டே நான் சாகடித்துவிட்டதாக அவர் ஊரான கடத்தூரில் சிலர் பேசுகிறார்கள். அரூர் பேருந்தில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். அது உண்மையல்ல. மருத்துவமனையில் அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நடந்தது வேறு. விமானப்படையில் அவரோடு பறந்தவர்கள் படிக்கும் இந்த மடலில் அதைச் சொல்லிவிடுவதே முறை.

இறந்த செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. அவர் மனைவி லட்சுமி தொலைபேசியில், "அக்கா, அவரு போயிட்டாருங்க" என்றாள். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். "கடைசில ஏதாவது பேசினாரா?" என்று கேட்டுவிட்டேன். "இல்லீங்க்கா" என்றாள். நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

நீங்கள் அறிந்த விங் கமாண்டர் மாதையன், நான் முதலில் பார்த்தபோது ஒல்லியான இளம் அதிகாரி. வடகிழக்கு மலைகளில் ஹெலிகாப்டர் ஓட்டிய என் கணவர் சவரிமுத்துவுக்குத் துணை விமானி. ஊர்க்காரப் பையன் என்று சாப்பிடக் கூப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து விறைப்பாக நின்று, "மேடம், மூணாந்தரம் ரசம் வாங்குனது என் தப்புங்க. உங்களுக்கு மிச்சம் வெக்கலை" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கணவர்தான் விளக்கினார். தரையிறங்கியதும், தேநீர் குடிப்பதற்கும் முன்பு, பறந்தவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் முதலில் தன் தவறைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் தவறு அதற்குப் பிறகுதான். அங்கே பெரிய பதவி, சின்னப் பதவி கிடையாது.

"எங்க கான்வென்ட்ல சனிக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரியா?" என்றேன்.

"அங்க மன்னிப்பு கெடைக்குமுங்க மேடம். இங்க அது கெடையாது. அதே தப்ப நாளைக்கிச் செய்யாம இருந்தா உசிரு கெடைக்கும்" என்றார் மாதையன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மலை முகாமுக்கு மருந்து கொண்டுபோன ஹெலிகாப்டர் சரிவில் விழுந்தது. என் கணவர் இறந்தார். மாதையன் இடுப்பு முறிந்து பிழைத்தார். மோசமான வானிலை என்று எனக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதற்கு மேல் நான் யாரையும் விசாரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அவர் கைத்தடி ஊன்றி அரூரில் என் வீட்டுக்கு வந்தார். அன்றுதான் முதல்முறையாக என்னை அக்கா என்று அழைத்தார். "அக்கா, அன்னிக்கு நடந்ததச் சொல்லோணுமுங்க. மொதல்ல என் தப்பச் சொல்லிடறேன்."

அவர் தவறு முடிந்ததும் யாருடைய தவறு வரும் என்று எனக்குத் தெரியும். "காபி ஆறுது, குடிங்க" என்றேன். குடித்தார். எழுந்திருக்கும்போது, "கேக்கோணும்னு தோணறப்ப கூப்பிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒவ்வோர் ஆண்டும் வந்தார். மாங்காய் கொண்டுவந்தார், அவரைக்காய் கொண்டுவந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவிடவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஊருக்கு எப்படி இருந்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருமுறை நான் கடத்தூர் போயிருந்தபோது, கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர் அவரிடம் வந்திருந்தார்கள்.

"ஒன் தப்ப மொதல்ல சொல்லு" என்றார் தம்பியிடம்.

"இவங்கூடப் பொறந்ததுதானுங்க என் தப்பு."

"அது ஒங்க ஆத்தா தப்பு. நீ ஒன்னுதச் சொல்லு."

அண்ணனே சிரித்துவிட்டான். அன்று மாலைக்குள் மோட்டார் யாருக்கு எந்த நாள் என்று முடிவாகிவிட்டது. உள்ளே லட்சுமியோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

நான் என் கணவரைக் குறையே இல்லாத விமானி என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். சென்ற கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றபோது, அவரோடு நான் போட்ட சண்டை ஒன்றையாவது நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை. எட்டு ஆண்டுகள் நன்றாகச் சண்டை போட்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். அவருடைய குறைகளைத் துடைத்துத் துடைத்து மனிதரையே துடைத்துவிட்டிருந்தேன். கையில் இருந்தது சீருடை போட்ட ஒரு புகைப்படம். வீட்டுக்கு வந்ததும் மாதையனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். லட்சுமி எடுத்தாள். "மூணு நாளாச்சுங்க்கா, வாதம் வந்து. பேச்சு வரலீங்க."

மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து நான் சொன்னது இதுதான்: "மாதையன், என் தப்பை முதல்ல சொல்றேன். அன்னிக்கு உங்களைப் பேசவிடலை. அவர் மேல தப்பு இருந்துடுமோன்னு பயந்துட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. வலது கை அசையவில்லை. இடது கையைத் தூக்கினார். பறந்ததைப் பற்றிப் பேசும்போது நீங்களெல்லாம் உள்ளங்கையையே விமானமாக்கிக் காட்டுவீர்களே, அப்படி. கை சமமாகப் போய் இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே நிறுத்தித் தன் மார்பைத் தொட்டார். மறுபடி கை உயர்ந்தது. நிறுத்தி, விரலால் மேலே காட்டினார். அது என் கணவர். பிறகு விரல்கள் இரண்டு முறை மூடித் திறந்தன. மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பியது. கை மெத்தைமேல் விழுந்தது. இதையே நான்கு முறை செய்தார். வியர்த்துக் கொட்டியது. நான் 'என்ன' என்றுகூடக் கேட்கவில்லை. லட்சுமிதான் என் தோளைப் பிடித்து, "போதும் விடுங்கக்கா, பாவம் அவரு" என்றாள். அந்த அறையில் இருந்தவர்கள் பார்த்தது இதைத்தான். அதற்கு நான்காம் நாள் அவர் இறந்தார்.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் புரியவில்லை. அந்தக் கை அசைவைக் கண்ணாடி முன் நின்று தினமும் செய்து பார்க்கிறேன். வரிசை மாறிவிடுமோ, ஓர் அசைவு மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு எழுபத்தாறு வயது. மாதையனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கை அசைவுதான்.

ஆகவே, ஹெலிகாப்டர் ஓட்டியவர்களைக் கேட்கிறேன். மேலே நான் எழுதியபடி உங்கள் இடது கையை வைத்துப் பாருங்கள். மேலே காட்டிய பிறகு வந்த அசைவு என்ன? என் கணவர் என்ன செய்தார், அல்லது எதைச் செய்யாமல் விட்டார்? அந்தப் பயணத்தைப் பற்றி மாதையன் உங்களில் யாரிடமாவது பேசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். என் மனம் நோகும் என்று எதையும் குறைக்க வேண்டாம். தொலைபேசியில் பழகாத குரல் எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. கூப்பிடாமல், இம்மடலின் ஆசிரியர் வழியாக எனக்குக் கடிதம் எழுதுங்கள்.